வசந்த வெள்ளம் வடிந்த பிறகு: இவான் துர்கனேவின் வாழ்வும் ஒரு நாவலும்

கைகூடிய காதலைவிடக் கைநழுவிய காதலே இலக்கியத்திற்கு அதிகம் தீனி போட்டிருக்கிறது. நம் அகப்பாடல்களிலும் கூடலுக்கு ஒரு திணை என்றால், பிரிவுக்கும் இரங்கலுக்கும் ஆற்றாமைக்கும் பல துறைகள். இழந்ததை எண்ணிப் பார்க்கும்போது மனம் தன்னையே நீதிமன்றத்தில் நிறுத்திக்கொள்கிறது. அந்த வழக்கை மிக நேர்மையாக நடத்தியவர்களுள் ஒருவர் ரஷ்ய எழுத்தாளர் இவான் செர்கேயெவிச் துர்கனேவ்.

டால்ஸ்டாயையும் தஸ்தயேவ்ஸ்கியையும் அறிந்த அளவுக்கு இன்றைய மாணவர்கள் துர்கனேவை அறிந்திருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் நமக்கு முந்திய தலைமுறைத் தமிழ் வாசகர்களுக்கு அவர் நெருக்கமானவர். சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த தமிழ் நூல்களில் 'மூன்று காதல் கதைகள்' என்ற அவருடைய தொகுப்பும் ஒன்று. தமிழ் வாசகர் பலர் அதை வாசித்துவிட்டுப் பல நாள் மனம் கனத்திருந்தார்கள். 1872இல் வெளிவந்த 'வசந்த வெள்ளம்' என்னும் குறுநாவலை மையமாக வைத்து, அவர் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாயின் பிரம்பும் தந்தையின் மௌனமும்

துர்கனேவ் 1818ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் (அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி அக்டோபர் 28) ஓர்யோல் நகரில் பிறந்தார். தாய் வர்வாரா பெத்ரோவ்னா பெருஞ்செல்வி. ஸ்பாஸ்கோயே என்னும் பரந்த பண்ணையும் ஆயிரக்கணக்கான பண்ணையடிமைகளும் அவருக்குச் சொந்தம். தந்தை செர்கேய் நிக்கோலயெவிச் குதிரைப்படை அதிகாரி, அழகர், ஆனால் கையில் பணமில்லாதவர். மனைவியைவிட ஆறு வயது இளையவர். பணத்திற்காக நடந்த திருமணம் என்பதை வீட்டில் எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

அந்த வீட்டில் ஆட்சி செய்தது தாய்தான். பண்ணையடிமைகளை அடிப்பதும், சிறு தவறுக்குத் தொலைதூர ஊர்களுக்கு அனுப்புவதும், யார் யாரை மணக்கலாம் என்று முடிவு செய்வதும் அவருக்கு அன்றாட வேலை. பெற்ற பிள்ளைகளும் பிரம்படிக்குத் தப்பவில்லை. ஏன் அடி விழுகிறது என்று தெரியாமலே அடிவாங்கிய நாள்கள் துர்கனேவின் நினைவில் கடைசிவரை இருந்தன. தாயின் வீட்டில் ஊமைக் காவலாளி ஒருவர் இருந்தார். அவரை மாதிரியாகக் கொண்டே பிற்காலத்தில் 'முமு' என்ற புகழ்பெற்ற சிறுகதையை எழுதினார். எசமானியின் கட்டளைக்குப் பணிந்து, தான் உயிராய் வளர்த்த நாய்க்குட்டியைத் தன் கையாலேயே ஆற்றில் மூழ்கடிக்கும் ஊமையனின் கதை அது.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு குணங்கள் அமைந்தன. ஒன்று, அடிமை முறையின்மீது ஆறாத வெறுப்பு. மற்றொன்று, வலிய மனம் படைத்தவர் முன் தன் மனம் வலுவிழந்து நிற்கும் இயல்பு. முதலாவது அவரைப் பெரிய எழுத்தாளர் ஆக்கியது. இரண்டாவது அவர் சொந்த வாழ்க்கையை வழிநடத்தியது. 'வசந்த வெள்ளம்' இவ்விரண்டும் சந்திக்கும் இடம் எனலாம்.

முதல் காதல், முதல் பாடம்

1827இல் குடும்பம் மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. 1833ஆம் ஆண்டுக் கோடையில், துர்கனேவுக்குப் பதினைந்து வயதுகூட நிறையாத நிலையில், பக்கத்து வீட்டுக்கு ஏழ்மையில் நொடித்த ஓர் அரச குடும்பம் வந்து சேர்ந்தது. அக்குடும்பத்துப் பெண் எக்கத்தரீனா ஷகவ்ஸ்கயா, சிறுவனைவிடச் சில ஆண்டுகள் மூத்தவர். சிறுவன் அவர்மேல் பித்தானான். அந்தப் பெண்ணின் மனமோ வேறொருவரிடம் இருந்தது. அந்த வேறொருவர் அவனுடைய தந்தையே.

இந்த நிகழ்ச்சி 1860இல் 'முதல் காதல்' என்ற குறுநாவலாக உருவெடுத்தது. தம் படைப்புகளில் கற்பனை கலவாமல் எழுதியது இதைத்தான் என்ற கருத்து அவருக்கு இருந்தது. கதையை வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். தந்தைமீது மகனுக்குக் கோபமே இல்லை. காதல் என்பது மனிதர்களை இப்படியெல்லாம் பணிய வைக்குமா என்ற வியப்பும் அச்சமும் மட்டுமே இருக்கின்றன. தந்தை 1834இல் காலமானார். காதலில் ஒருவர் ஆண்டானாகவும் மற்றவர் அடிமையாகவும் ஆகிவிடுகிறார்கள் என்ற எண்ணம் மட்டும் மகனிடம் தங்கிவிட்டது.

பிராங்க்பர்ட் நகரில் ஒரு நாள்

மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஓராண்டும் பின்னர்ப் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும் படித்த துர்கனேவ், 1838இல் மேற்படிப்புக்காகப் பெர்லினுக்குப் புறப்பட்டார். அந்தக் கடற்பயணத்தில் அவர் சென்ற நீராவிக் கப்பல் ஜெர்மன் கரைக்கு அருகே தீப்பிடித்தது. பத்தொன்பது வயது இளைஞர் அச்சத்தில் நிதானம் இழந்து நடந்துகொண்டார் என்ற பேச்சு ரஷ்யாவில் பரவி, நெடுங்காலம் அவரைத் துரத்தியது.

பெர்லினில் ஹெகலின் தத்துவம் அவரை ஈர்த்தது. ஸ்தன்கேவிச், பக்கூனின் போன்றோரின் நட்புக் கிடைத்தது. 1840இல் இத்தாலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜெர்மனி வழியாகத் திரும்பும்போது பிராங்க்பர்ட் நகரில் தங்கினார். அங்கே ஓர் இனிப்புப் பலகாரக் கடையில் இருந்தபோது, உள்ளறையிலிருந்து அழகிய இளம்பெண் ஒருத்தி பதறி ஓடிவந்து, மயங்கி விழுந்த தம்பியைக் காப்பாற்றும்படி அவரை வேண்டினாள். அவரும் உதவினார். அவள் அழகு அவரை ஆழமாகப் பாதித்தது. ஆனால் நீண்ட நாள் தங்கவில்லை. ஈர்ப்பு வேர்விடும் முன்னரே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நடந்தது அவ்வளவுதான். பின்னாளில் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அந்தப் பெண் யூத இனத்தைச் சேர்ந்தவள் என்றும் குறிப்பிட்டார். நாவலில் அவளை இத்தாலியப் பெண்ணாக மாற்றினார். அகப்பாடல்களில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்று நம் முன்னோர் வகுத்த மரபு நினைவுக்கு வருகிறது. நாவலாசிரியர் பெயர் சூட்டாமல் எழுத முடியாது. எனவே பெயரையும் இனத்தையும் மாற்றி மறைத்தார். அந்த ஒரு நாள் முப்பது ஆண்டுகள் அவருக்குள் உறங்கிக் கிடந்தது.

பாடகியின் நிழலில்

ரஷ்யா திரும்பிய சில காலத்தில், தாயின் வீட்டில் தையல் வேலை செய்த பெண்ணுடன் ஏற்பட்ட உறவில் 1842இல் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். பெலகேயா என்ற அந்தக் குழந்தை பாட்டியின் பண்ணையில் அரவணைப்பின்றி வளர்ந்தது. 1843இல் 'பராஷா' என்ற கவிதை நூலால் திறனாய்வாளர் பெலின்ஸ்கியின் பாராட்டைப் பெற்றார். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் அவருடைய வாழ்க்கையைத் திசைமாற்றிய சந்திப்பு நிகழ்ந்தது.

இத்தாலிய இசைநாடகக் குழுவுடன் பீட்டர்ஸ்பர்க் வந்திருந்த போலின் வியார்தோ, ஸ்பானிய இசைக் குடும்பத்தில் பிறந்த பாடகி. வயது 22. அழகி என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. ஆனால் அவர் வாய் திறந்து பாடினால் அரங்கம் கட்டுண்டு கிடக்கும். அவருக்கு ஏற்கெனவே திருமணமாகியிருந்தது. கணவர் லூயி வியார்தோ மனைவியைவிட இருபதாண்டுகளுக்கு மேல் மூத்தவர், எழுத்தாளர், வேட்டைப் பிரியர். துர்கனேவுக்கும் வேட்டையில் பெருவிருப்பம். எனவே கணவருடன் ஏற்பட்ட வேட்டை நட்பு அவருக்கு அந்த வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது.

அன்று தொடங்கிய பற்று நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1847இல் அக்குடும்பத்தைப் பின்தொடர்ந்து ஐரோப்பா சென்றார். பாரிசுக்கு அருகே இருந்த அவர்களின் மாளிகையில் தங்கினார். ஒரு பிற நாட்டுப் பாடகியின் பின்னால் மகன் அலைவதைப் பொறுக்காத தாய் பணம் அனுப்புவதை நிறுத்தினார். 1850இல் தாய் இறந்து சொத்து கைக்கு வந்தது. அதே ஆண்டில் மகளைப் பிரான்சுக்கு அனுப்பி வியார்தோ குடும்பத்திலேயே வளரச் செய்தார். அவளுடைய பெயரும் போலினெத் என்று மாறியது. தாம் நேசித்தவரின் பெயரையே மகளுக்கு வைத்தார் என்பதில் அவர் மனத்தின் ஆழம் தெரிகிறது. அந்தப் பெயரும் அந்த வீடும் சிறுமிக்குப் பொருந்தவில்லை என்பதும் உண்மை. அவள் அங்கே மகிழ்ச்சியாக வளரவில்லை.

போலினுக்கும் துர்கனேவுக்கும் இடையே இருந்தது எத்தகைய உறவு என்று அறிஞர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். நமக்கு அது முக்கியமன்று. பிறர் கூட்டின் ஓரத்தில் அமர்ந்த பறவையாகவே தம் வாழ்வு கழிகிறது என்ற உணர்வு அவரிடம் இருந்தது; அந்த ஓரத்தை விட்டு அவரால் பறந்து செல்லவும் முடியவில்லை. 1854இல் தூரத்து உறவுப் பெண் ஒல்கா துர்கனேவாவை மணப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். கடைசியில் அவர் பின்வாங்கினார்.

எழுதுகோலும் சிறையும்

காதலில் தயங்கியவர் எழுத்தில் தயங்கவில்லை. 1847 முதல் 'சமகாலத்தவன்' என்னும் பொருள்படும் 'சவ்ரெமெனிக்' இதழில் அவர் எழுதிய கிராமச் சித்திரங்கள் 1852இல் 'வேட்டைக்காரனின் குறிப்புகள்' என்று நூலாயின. பண்ணையடிமைகளை அறிவும் மானமும் பாட்டும் கண்ணீரும் உள்ள மனிதர்களாக அந்நூல் காட்டியது. முழக்கம் எதுவும் இல்லை; ஆனால் வாசித்தவர்களால் பழைய கண்ணோடு ஓர் உழவனைப் பார்க்க முடியவில்லை. 1861இல் பண்ணையடிமை முறையை ஒழித்த அரசர் இரண்டாம் அலெக்சாந்தர் இந்நூலால் மனம் நெகிழ்ந்தவர் என்று கூறப்படுவதுண்டு.

அதே 1852இல் எழுத்தாளர் கோகல் மறைந்தார். துர்கனேவ் எழுதிய இரங்கல் கட்டுரைக்குப் பீட்டர்ஸ்பர்க் தணிக்கை அதிகாரிகள் தடைவிதித்தனர். அவர் அதை மாஸ்கோ நாளிதழில் வெளியிட்டார். அதன் விலை ஒரு மாதக் காவலும், பின்னர்ச் சொந்தப் பண்ணையிலேயே ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட கட்டாய வாசமும். 'முமு' கதை காவலில் இருந்தபோதுதான் எழுதப்பட்டது. 1853இல் போலின் மாஸ்கோவுக்குப் பாட வந்தபோது, பொய்யான கடவுச்சீட்டுடன் பண்ணையிலிருந்து மறைவாகச் சென்று அவரைப் பார்த்துவிட்டு வந்தார். பிடிபட்டிருந்தால் தண்டனை கடுமையாகியிருக்கும். தயங்கும் மனிதர் என்று பெயரெடுத்தவரிடமும் இத்தகைய துணிச்சல் இருந்ததை மறக்கலாகாது.

அடுத்த பத்தாண்டுகளில் 'ருதின்', 'பிரபுக்களின் கூடு', 'முன்னிரவில்', 'தந்தையரும் தனயரும்' என நாவல்கள் வரிசையாக வந்தன. 1862இல் வெளிவந்த 'தந்தையரும் தனயரும்' நாவலின் நாயகன் பசாரவ் காரணமாக முதியோரும் இளையோரும் ஒருசேர அவர்மீது சினம் கொண்டனர். மனம் புண்பட்ட துர்கனேவ் பெரும்பாலும் வெளிநாட்டிலேயே வாழத் தொடங்கினார். 1863இல் வியார்தோ குடும்பம் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் குடியேறியது. அவரும் அங்கே சென்று அவர்கள் வீட்டருகே தமக்கு ஒரு மாளிகை கட்டிக்கொண்டார்.

இதற்கிடையில் 1858இல் 'ஆஸ்யா' வெளிவந்தது. ரைன் நதிக்கரையில் தன்னை நேசிக்கும் பெண்ணிடம் சொல்ல வேண்டிய ஒரு சொல்லை ஒரு நாள் தள்ளிப்போட்ட இளைஞன் அவளை என்றென்றைக்கும் இழக்கிறான். திறனாய்வாளர் செர்னிஷேவ்ஸ்கி அக்கதையை எடுத்துக்கொண்டு, காதலில் முடிவெடுக்கத் தெரியாதவன் நாட்டுக்காகவும் முடிவெடுக்க மாட்டான் என்ற கோணத்தில் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். தனிமனித பலவீனத்தைச் சமூக நோயாகப் பார்த்த கட்டுரை அது.

பெட்டிக்குள் ஒரு சிலுவை

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. வியார்தோ குடும்பம் ஜெர்மனியை விட்டு லண்டனுக்குச் சென்றது. துர்கனேவும் தொடர்ந்தார். அவருக்கு அப்போது வயது 52. பாடன்-பாடனின் அமைதியான வாழ்வு முடிந்துவிட்டது. இந்தக் காலத்தில்தான் 'வசந்த வெள்ளம்' உருவானது.

நாவல் ஓர் இரவில் தொடங்குகிறது. சானின் என்ற மனிதர் விருந்தொன்றிலிருந்து வீடு திரும்புகிறார். அவருக்கும் வயது 52. திருமணமாகவில்லை. வாழ்க்கைமேல் சொல்ல முடியாத கசப்பு. தூக்கம் வராமல் மேசை இழுப்பறைகளைத் துழாவுகிறார். பழைய கடிதங்களுக்கு இடையே ஒரு சிறு பெட்டி. அதைத் திறந்தால், மஞ்சள் படிந்த பஞ்சுக்கு அடியில் கார்னெட் என்னும் செந்நிறக் கற்கள் பதித்த சிறு சிலுவை. அதைக் கண்டதும் அவர் மனம் 1840ஆம் ஆண்டுக் கோடைக்குப் பாய்ந்துவிடுகிறது.

இருபத்திரண்டு வயது சானின் இத்தாலியிலிருந்து திரும்பும் வழியில் பிராங்க்பர்ட்டில் ஒரு பலகாரக் கடைக்குள் நுழைகிறான். ஜெம்மா என்ற பெண் மயங்கி விழுந்த தம்பி எமிலியோவுக்காக உதவி கேட்டு ஓடிவருகிறாள். துர்கனேவ் நிஜத்தில் விட்டுவிட்டு வந்த இடத்தில் சானின் தங்கிவிடுகிறான். பெர்லின் செல்லும் வண்டியைத் தவற விடுகிறான். விதவைத் தாய், பழைய இசைநாடகப் பாடகரான முதிய பணியாள் பந்தலியோனே, ஒரு பூடில் நாய் என அந்தச் சிறு குடும்பம் அவனைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது.

ஜெம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு ஜெர்மானிய வணிகருடன் நிச்சயமாகியிருந்தது. உல்லாசப் பயணத்தில் குடிபோதையில் இருந்த படையதிகாரி ஒருவன் அவளை இழிவு செய்தபோது, நிச்சயிக்கப்பட்டவர் வாய்மூடி ஒதுங்குகிறார். சானின் அவளுக்காகத் துப்பாக்கிச் சண்டைக்கும் துணிகிறான். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. காதல் மலர்கிறது. ஜெம்மா பழைய நிச்சயத்தை முறிக்கிறாள். தன் கழுத்தில் அணிந்திருந்த சிலுவையைச் சானினுக்குத் தருகிறாள்.

திருமணத்திற்குப் பணம் வேண்டும். ரஷ்யாவில் உள்ள பண்ணையை விற்க வேண்டும். இந்த இடத்தில் துர்கனேவ் ஒரு சிறு முள்ளை வைக்கிறார். பண்ணையோடு அங்குள்ள உழவர்களையும் விற்பாயா என்று ஜெம்மாவின் தாய் கேட்கிறார். மனிதரை விற்பது அறமன்று, நான் ஒருநாளும் செய்யமாட்டேன் என்று அதே வீட்டில் பேசியவன் சானின். இப்போது அவன் முகம் சிவக்கிறது. ஏதோ சமாதானம் சொல்லித் தப்பிக்கிறான். கதையில் அவனுடைய வீழ்ச்சி இங்கேயே தொடங்கிவிடுகிறது. தன் மகிழ்ச்சிக்காகப் பிறரை விற்கத் துணிந்தவன் அடுத்த சில நாள்களில் தானே விலைபோகிறான்.

பண்ணையை வாங்கக்கூடியவள் மரியா நிக்கோலயெவ்னா, பழைய பள்ளித் தோழனின் செல்வ மனைவி. அவளைப் பார்க்க வீஸ்பாடன் நகருக்குச் செல்கிறான். அவளோ, இவனைச் சில நாளில் வீழ்த்திக் காட்டுவதாகத் தன் கணவனிடமே பந்தயம் கட்டுகிறாள். பேச்சு, நாடக அரங்கு, காட்டுக்குள் குதிரைச் சவாரி. முடிவில் ஜெம்மாவை மறந்து, அவள் காலடியில் கிடக்கும் அடிமையாகப் பாரிசுக்குப் பின்தொடர்கிறான். பிறகு பழந்துணிபோல் எறியப்படுகிறான்.

யார் உடைந்தார்கள்?

பிரிந்த பெண் கண்ணீர் வடித்தே அழிந்துபோவாள் என்பது பல காதல் கதைகளின் வழக்கம். இந்நாவல் அப்படி முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் சானின் பிராங்க்பர்ட் சென்று விசாரிக்கிறார். கடை இருந்த இடமே தெரியவில்லை. ஜெம்மா நியூயார்க்கில் ஒரு வணிகரை மணந்து நலமாக வாழ்கிறாள் என்று அறிகிறார். மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுகிறார். பதில் வருகிறது. அவள் மன்னித்ததோடு நன்றியும் சொல்கிறாள். சானின் வந்ததால்தான் தகாத திருமணத்திலிருந்து தப்பினேன் என்கிறாள். அவளுக்கு ஐந்து பிள்ளைகள். தம்பி எமிலியோ கரிபால்டியின் படையில் சேர்ந்து, இத்தாலியின் விடுதலைக்காகச் சிசிலியில் உயிர்நீத்துவிட்டான். பதினான்கு வயதில் மயங்கி விழுந்த அந்தச் சிறுவன் எதற்காகச் சாகலாம் என்று அறிந்திருந்தான். அவனைக் காப்பாற்றிய சானினோ எதற்காக வாழ்வது என்று அறியவில்லை.

ஆக, உடைந்தவர் கைவிட்டவரே. துர்கனேவ் இங்கே சூழ்நிலையையோ விதியையோ பழி சொல்லவில்லை. குடும்பம் தடுக்கவில்லை, சாதி, மதம் குறுக்கே வரவில்லை, வறுமையும் கொல்லவில்லை. ஒரு மனிதனின் மனவுறுதி சில நாள் தளர்ந்தது, அவ்வளவே. அதற்கான தண்டனை ஓர் ஆயுட்காலம். நாவலின் இறுதியில் சானின் அந்தச் சிலுவையை முத்துமாலையில் கோத்து, ஜெம்மாவின் மகளுக்குத் திருமணப் பரிசாக அனுப்புகிறார். பண்ணையை விற்றுவிட்டு அமெரிக்கா செல்ல ஆயத்தமாகிறார் என்ற செய்தியோடு கதை நிற்கிறது. போனாரா, போய் என்ன ஆயிற்று என்பது சொல்லப்படவில்லை.

தலைப்பும் பொருள் பொதிந்தது. ரஷ்யாவில் குளிர்காலம் முழுதும் ஆறுகள் உறைந்து கிடக்கும். வசந்தம் வந்ததும் பனி உருகிப் பெருவெள்ளமாகப் பாயும். சில நாள்தான், பிறகு வடிந்துவிடும். பருவமழை வெள்ளத்தையே கண்ட நமக்கு அது புதியது. நம் வெள்ளம் வானத்திலிருந்து வருகிறது. அவர்களின் வெள்ளம் அதுவரை அசையாமல் கிடந்த ஆற்றுக்குள்ளிருந்தே கிளம்புகிறது. இளமையின் காதலுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

இந்நாவல் 1872 சனவரியில் 'ஐரோப்பியத் தூதன்' எனப் பொருள்படும் இதழில் வந்தது. நாட்டுப் பிரச்சினையைப் பேசாமல் பழங்காதலைப் பேசுவதா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அடிமைத்தனம் எஜமானனின் மனத்துக்குள்ளும் எப்படிக் குடியேறுகிறது என்பதைப் பேசும் கதை இது. அதைக் கூர்ந்து படிப்பவர் அது நாட்டைப் பற்றியது அன்று என்று சொல்லமாட்டார்.

இறுதிக் காலம்

1871 முதல் துர்கனேவ் பாரிசில், வியார்தோ குடும்பத்தின் வீட்டிலேயே மேல்மாடி அறைகளில் வாழ்ந்தார். கீழே போலின் மாணவர்களுக்குப் பாட்டுச் சொல்லித் தரும் ஓசை மேலே கேட்கும். பிளோபேர், ஸோலா, தோதே, எட்மொன் கொன்கூர் ஆகியோர் அவருடைய நண்பர் வட்டத்தினர். ரஷ்ய இலக்கியத்தை மேற்குலகுக்கு அறிமுகப்படுத்தியதிலும், பிளோபேரின் கதைகளை ரஷ்ய மொழியில் பெயர்த்ததிலும் அவர் பணி பெரிது. 1879இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அதே ஆண்டு பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய நாடகத்தில் நடித்த இளம் நடிகை சாவினாமீது முதுமையில் ஒரு பற்று பிறந்தது. அதுவும் கடிதங்களோடு நின்றது.

1861இல் டால்ஸ்டாயுடன் மூண்ட சண்டை துப்பாக்கிச் சண்டைவரை போகவிருந்தது. பதினேழு ஆண்டுகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. 1878இல் சமாதானம் ஆனார்கள். முதுகெலும்பில் புற்றுநோய் கண்டு மரணப்படுக்கையில் கிடந்தபோது, எழுத்தை விட்டு விலகியிருந்த டால்ஸ்டாயை இலக்கியத்திற்குத் திரும்பும்படி வேண்டி 1883இல் துர்கனேவ் ஒரு கடிதம் எழுதினார். தம் வலியை மறந்து பிறர் எழுத்துக்காகக் கவலைப்பட்ட மனம் அது.

அந்தக் கடைசி மாதங்களில் வேறொன்றையும் செய்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த கப்பல் தீ விபத்தைப் படுக்கையில் இருந்தபடியே சொல்ல, போலின் எழுதிக்கொண்டார். இளமையில் தம்மைப் பற்றி எழுந்த பழிச்சொல்லை அவர் மறக்கவில்லை. தம் அச்சத்தை மறைக்காமலே அதற்கு விடை தந்தார். வாழ்நாள் முழுதும் தாம் நேசித்தவரின் கையெழுத்தில் அந்த வாக்குமூலம் பதிவானது.

1883 செப்டம்பர் 3ஆம் நாள் பாரிசுக்கு அருகே பூஷிவால் என்னும் ஊரில் அவர் உயிர் பிரிந்தது. போலினின் கணவர் அதே ஆண்டு மே மாதம்தான் இறந்திருந்தார். இரு ஆண்களையும் சில மாத இடைவெளியில் இழந்த போலின் 1910வரை வாழ்ந்தார். துர்கனேவின் உடல் இரயிலில் ரஷ்யாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பீட்டர்ஸ்பர்க்கின் வோல்கவோ கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஆயுளில் பாதியை வெளியே கழித்தவரை வழியனுப்ப அந்நகரம் திரண்டு வந்தது.

நாம் பெறுவது

துர்கனேவின் வாழ்வை வீணான வாழ்வு என்று சொல்வாரும் உண்டு. மனைவி இல்லை, மகளுக்கும் நல்ல வாழ்வு அமையவில்லை. மறுபுறம், பயனெதுவும் கேட்காமல் ஒருவரை நாற்பதாண்டுகள் நேசிப்பதும் ஒரு வகைத் தவம் அல்லவா என்று கேட்பாரும் உண்டு. இரண்டுக்கும் அவர் வாழ்வில் சான்று கிடைக்கிறது. அவர் தம்மை ஒருபோதும் நியாயப்படுத்திக்கொள்ளவில்லை என்பது மட்டும் உறுதி. தம்மிடம் கண்ட பலவீனத்தைச் சானினிடம் வைத்து, அவனுக்குத் தாம் வாழ்வில் பெற்றதைவிடக் கடுமையான தண்டனையை அளித்தார்.

பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் நண்பர்கள் சானினின் வயதில் இருக்கிறார்கள். பட்டம் பெற்றுப் பணியிலும் குடும்பத்திலும் அமர்ந்துவிட்ட முன்னாள் மாணவர் பலர், இழுப்பறையைத் திறந்த சானினின் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். இருசாராரும் இந்தச் சிறு நாவலை வாசிக்கலாம். மூத்தவர்களுக்கு அது ஆறுதல் தரும். கைவிட்டுப் போனவர்கள் எங்கோ நலமாக வாழ்கிறார்கள் என்ற எண்ணமே ஓர் ஆறுதல்தான். இளையவர்களுக்கு அது தருவது எச்சரிக்கை. சொன்ன சொல்லைக் காப்பதும், சொல்ல வேண்டிய சொல்லை உரிய நாளில் சொல்வதும் சிறிய செயல்களாகவே தோன்றும். அவை எவ்வளவு பெரியவை என்பது வெள்ளம் வடிந்த பிறகே தெரியும்.